நடையா, பளுவா? கொழுப்பைப் பற்றிய ஒரு கணக்கு

பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களில் மருத்துவப் பக்கத்துக்கு வரும் கேள்விகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில், அவை மெல்ல மாறிவந்திருப்பதை அவதானித்திருக்கிறேன். முன்னர் தலையிடியைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் முடி உதிர்வதைப் பற்றியும் கேட்டார்கள். இப்போது தொப்பையைப் பற்றிக் கேட்கிறார்கள். அதிலும் ஒரு கேள்வி வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. உடலிலுள்ள கொழுப்பைக் குறைப்பதற்கு நடப்பதும் ஓடுவதும் நல்லதா, அல்லது ஜிம்முக்குப் போய்ப் பளு தூக்குவது நல்லதா?

கொழும்பில் இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. அதிகாலையில் காலிமுகத்திடலிலும் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியும் கைகளை வீசி நடப்பவர்கள் ஒரு கட்சி. வியர்வை வராத பயிற்சி பயிற்சியல்ல என்பது இவர்கள் கொள்கை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாடிக்கு மாடி முளைத்திருக்கும் ஜிம்களில் இரும்பைத் தூக்குபவர்கள் மற்றக் கட்சி. தசை வளர்ந்துவிட்டால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்பது இவர்கள் சொல்லும் நியாயம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உள்ள நண்பர்களுடன் பேசினால் அங்கும் இதே விவாதம்தான் நடக்கிறது. அங்கே நிலக்கீழ் அறையில் ஒரு ட்ரெட்மில் நிற்கும். அதன் கைபிடியில் ஈரத்துவாய் காயும்.

ஐம்பதைத் தாண்டிய, இரவுப்பணியும் நாற்காலியும் தேநீருமாகக் காலத்தைக் கழித்த ஒரு பத்திரிகைக்காரனுக்கு இது வெறும் விவாதமல்ல. என்னோடு ஆசிரியபீடத்தில் இருந்தவர்களில் நீரிழிவு இல்லாதவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். இருவர் ஓய்வூதியத்தைக் காணாமலே மாரடைப்பில் போய்விட்டார்கள். எனக்கும் இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்பதாகக் குடும்ப வைத்தியர் சொன்னபோது, செய்தியைச் சரிபார்ப்பது போல இந்தக் கேள்வியையும் மூலத்துக்குப் போய்ச் சரிபார்ப்பது என்று தீர்மானித்தேன். அவ்வாறு வாசித்தவற்றின் சாரமே இக்கட்டுரை.

நடைக்கட்சியின் வரலாறு பழையது. 1953 இல் ஜெரமி மொறிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் லான்செற் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார். இலண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் சாரதி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே வகுப்பினர், ஒரே பஸ், ஒரே ஊர். ஆயினும் சாரதிகளிடையே இருதய நோய் அதிகமாகவும் நடத்துநர்களிடையே குறைவாகவும் இருந்தது. உடலசைவுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கைகளால் காட்டிய முன்னோடி ஆய்வு இது. இதில் சுவையான பின்கதையும் உண்டு. மூன்று ஆண்டுகளின் பின்னர் மொறிஸ் குழுவினர் போக்குவரத்துச் சபை வழங்கிய சீருடைகளின் அளவுகளை ஆராய்ந்தார்கள். சாரதிகளின் இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது; அதுவும் வேலைக்குச் சேரும்போதே அவர்கள் சற்றுப் பருத்தவர்களாக இருந்திருக்கிறார்கள். அப்படியானால் உட்கார்ந்த வேலை மட்டும்தானா காரணம் என்ற கேள்வியைத் தாங்களே தங்கள் ஆய்வின் மீது எழுப்பிக்கொண்டார்கள். ஒரு செய்தியாளனுக்கு இந்த நேர்மை பிடிக்காமல் போகாது.

பின்னர் 1968 இல் அமெரிக்க விமானப்படையின் மருத்துவரான கென்னத் கூப்பர் ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலை எழுதினார். ஓட்டமும் விரைவு நடையும் நீச்சலும் சைக்கிளோட்டமும் உலகெங்கும் பரவியதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. இன்று நாம் சுருக்கமாகக் கார்டியோ என்று அழைப்பது அதனைத்தான்.

இனி, கொழுப்பு என்ற தனிக் கேள்விக்கு வருவோம். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது, அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2012 இல் வெளிவந்த ஆய்வு. நிறை கூடிய, உடற்பயிற்சி செய்யாத ஆண்களும் பெண்களும் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வாரத்தில் ஏறத்தாழ 19 கிலோமீற்றர் தூரத்துக்குச் சமமான கார்டியோ பயிற்சியைச் செய்தது. மற்றக் குழு வாரத்தில் மூன்று நாள் பளுப்பயிற்சி செய்தது. மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. எட்டு மாதங்களின் பின்னர் முடிவுவரை நின்ற 119 பேரின் உடல்கள் அளக்கப்பட்டன.

முடிவுகள் இவை. கார்டியோ குழுவினர் சராசரியாக ஏறத்தாழ 1.7 கிலோ கொழுப்பை இழந்தார்கள். பளுக்குழுவினரின் கொழுப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை; ஆனால் அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தசை கூடியிருந்தது. ஆகவே தராசில் ஏறியபோது அவர்களின் நிறை சற்றுக் கூடியே காட்டியது. இரண்டையும் செய்தவர்கள் ஏறத்தாழ 2.4 கிலோ கொழுப்பை இழந்து, தசையையும் கூட்டிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு நேரத்தைச் செலவிட்டார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் ஈரலிலும் படியும் கொழுப்பைக் குறைப்பதிலும் கார்டியோவே முன்னின்றது என்று அதே குழுவினர் 2011 இல் அறிவித்திருந்தார்கள்.

ஆகவே, கொழுப்பை மட்டும் கேட்டால், மணிக்கு மணி கணக்குப் பார்த்தால், நடைக்கட்சி வென்றது என்று சொல்லிவிடலாம். தூங்கும்போது எரியும் என்ற பளுக்கட்சியின் நியாயத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 கலோரியைச் செலவிடுகிறது. ஒரு கிலோ கொழுப்பு 4.5 கலோரி. இரண்டு கிலோ தசையைப் பாடுபட்டு வளர்த்தால் கிடைப்பது நாளொன்றுக்கு 26 கலோரி. அது ஒன்றரைத் தேக்கரண்டி சீனி.

ஆனால் நடைக்கட்சி கொடியேற்றுவதற்கு முன்னர் தன் கணக்கையும் பார்க்கவேண்டும். எட்டு மாதம் பாடுபட்டு 1.7 கிலோ என்பது எவரையும் திருப்திப்படுத்தும் தொகையல்ல. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுபது கிலோ நிறையுள்ள ஒருவர் மூன்று கிலோமீற்றர் நடந்தால் அண்ணளவாக 150 கலோரி செலவாகும். ஒரு கிலோவைக் கரைக்க ஐம்பது நாள் நடக்கவேண்டும். நடந்து முடித்துச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மீன் ரோல்ஸும் சீனி போட்ட பால்தேநீரும் எடுத்தால் அன்றைய கணக்கு அழிந்துவிடும். தன்சானியாவில் இன்னமும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்கள் நாள் முழுவதும் நடப்பவர்கள். அவர்களது உடல் செலவிடும் சக்தியை ஹேர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளர் அளந்து 2012 இல் வெளியிட்டார். உடற்பருமனைக் கருத்திற்கொண்டு ஒப்பிட்டபோது, அது நகரங்களில் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் செலவிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. உடல் ஒரு பக்கத்தில் கூடுதலாகச் செலவிட்டால் இன்னொரு பக்கத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது என்பது அவரது விளக்கம்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், கொழுப்பைக் கரைக்கும் பிரதான இடம் காலிமுகத்திடலும் அல்ல, ஜிம்மும் அல்ல, சாப்பாட்டு மேசைதான். காலையில் பாண், மதியம் குவியலாகச் சோறு, இரவில் இடியப்பமோ பிட்டோ என்று மூன்று வேளையும் மாப்பொருளை உண்டுவிட்டு எந்தப் பயிற்சியாலும் மீளமுடியாது. கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்குக்கூடப் பலருக்குச் சரியான விடை தெரியாது. வியர்வையாகப் போகிறது என்று நினைக்கிறோம். 2014 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இரு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பத்துக் கிலோ கொழுப்பு முற்றாக எரிந்தால் 8.4 கிலோ கரியமிலவாயுவாக மூச்சில் வெளியேறும். எஞ்சிய 1.6 கிலோ நீராகும். நனைந்த மேற்சட்டையைப் பிழிந்து பார்த்துக் கொழுப்பை அளப்பவர்கள் இதைக் கவனத்திற்கொள்ள வேண்டும். வயிற்றை மட்டும் குறைக்கவென்று வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்வதும் இத்தகையதே. டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் ஒப்பிட்ட 1971 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஆடும் கையின் தசை பருத்திருந்தது. தோலின் கீழுள்ள கொழுப்பு இரு கைகளிலும் ஒரே அளவாகவே இருந்தது.

அப்படியானால் உணவைக் குறைத்தால் போதாதா, பளுப்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். இங்குதான் விடயத்தின் மறுபக்கம் இருக்கிறது. உணவைக் குறைத்து மெலியும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். 2017 இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று, 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் பருத்த 160 பேரை எடுத்துக்கொண்டது. உணவைக் குறைத்துக் கார்டியோ செய்தவர்கள், உணவைக் குறைத்துப் பளுப்பயிற்சி செய்தவர்கள், இரண்டும் செய்தவர்கள் ஆகிய மூன்று குழுவினரும் ஆறு மாதத்தில் ஒரே மாதிரி 9 சதவீத நிறையை இழந்தார்கள். ஆனால் கார்டியோ மட்டும் செய்தவர்கள் தசை முதலான கொழுப்பற்ற திசுக்களில் 5 சதவீதத்தைப் பறிகொடுத்தார்கள். பளுப்பயிற்சி செய்தவர்கள் இழந்தது 2 சதவீதம், இரண்டும் செய்தவர்கள் இழந்தது 3 சதவீதம். எழுந்து நடப்பது, படியேறுவது போன்ற அன்றாடச் செயல்திறனில் அதிக முன்னேற்றம் கண்டவர்கள் இரண்டையும் செய்தவர்களே.

இது தென்னாசியர்களாகிய எங்களுக்கு இன்னும் முக்கியமானது. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜோன் யட்கினும் 2004 இல் லான்செற் சஞ்சிகையில் தங்கள் இருவரது புகைப்படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவரதும் உடல் நிறைச் சுட்டி 22.3. அட்டவணைப்படி இருவருமே அளவானவர்கள். ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு மெலிந்தவர்களாகத் தோன்றும் எங்களது உடல்களில் தசை குறைவு, கொழுப்பு கூட. அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டி 23 ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004 இல் கூறியது. தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் அபாயம் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் வரையறுத்தது. நாம் உண்ணும் சோற்றிலிருந்து இரத்தத்துக்கு வரும் சீனியில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். களஞ்சியம் சிறிதாக இருந்தால் நெல் முற்றத்தில் கிடக்கத்தான் செய்யும். நீரிழிவு உள்ள 262 பேரிடம் அமெரிக்காவின் லூசியானாவில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே நேரத்தையே செலவிட்டார்கள். ஆயினும் இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைத் தெளிவாகக் குறைத்தது இரண்டையும் கலந்து செய்த குழு மட்டுமே.

எங்கள் முன்னோருக்கு இந்தப் பிரிவினை தெரிந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குத் துலாக்கிணற்றிலிருந்து நீர் இறைத்த காலத்தில், துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்தவருக்கு நடையும் பளுவும் ஒன்றாகவே கிடைத்தன. உலக்கை போட்ட பெண்களுக்கும் அப்படித்தான். தொண்ணூறுகளின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் வராதிருந்த யாழ்ப்பாணத்தில் அரிசி மூடையையும் விறகையும் நோயாளியையும்கூடச் சைக்கிளில் ஏற்றி மிதித்தோம். அந்தக் காலத்தை எவரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. பசியும் அச்சமும் சேர்ந்த மெலிவு ஆரோக்கியமாகாது. ஆனால் அன்று வாழ்க்கை கேளாமலே எங்களிடமிருந்து வாங்கிய உழைப்பை இன்று நாமே நேரம் ஒதுக்கிக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

எனது அனுபவத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோற்றைப் பாதியாக்கி, தினமும் நாற்பது நிமிடம் நடந்ததில் முதல் ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. அதன் பின்னர் தராசு அசையவில்லை. அப்போதுதான் வாரத்தில் இரண்டு நாள் பளுப்பயிற்சியைச் சேர்த்துக்கொண்டேன். ஜிம்முக்குப் போகவில்லை. ஒரு சோடி டம்பெல்லும் ஒரு றப்பர் பட்டியும் வாங்கினேன். பிள்ளையாருக்கு முன்னால் பழகிய தோப்புக்கரணம் மேற்கத்தையப் பயிற்சியாளர்கள் மெச்சும் முதற்பயிற்சி என்பதையும் கண்டுகொண்டேன். அடுத்த ஆண்டில் ஒரு கிலோதான் குறைந்தது. ஆனால் இடுப்புப்பட்டி இரண்டு துளை உள்ளே போனது. சீனி எல்லைக்கோட்டிலிருந்து இறங்கியது. காரியாலயத்தின் மூன்றாம் மாடிக்கு மின்தூக்கி வேலை செய்யாத நாட்களிலும் மூச்சு வாங்காமல் ஏறுகிறேன்.

ஆனால் இந்த விடயத்தை எனக்கு முற்றாக விளங்கவைத்தது என் உடலல்ல, ஊரிலிருக்கும் அம்மாவின் உடல். எண்பதைத் தாண்டியவர். மெலிந்த தேகம், சீனி இல்லை, பிரஷர் இல்லை. ஒருமுறை போயிருந்தபோது, பிளாஸ்ரிக் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் இரு கைகளையும் ஊன்றி மூன்று தடவை முயன்றதைப் பார்த்தேன். தசை தேய்ந்துபோவதற்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து சார்க்கோபீனியா என்று 1989 இல் பெயர் வைத்தவர் இர்வின் ரோசன்பேர்க். தசை வறுமை என்பது அதன் பொருள். வறுமை என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதை அன்று உணர்ந்தேன். முதுமையில் ஒருவரது சுதந்திரத்தைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவு மட்டுமல்ல. தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முடிகிறதா என்பதுதான்.

1990 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வொன்று அப்போது எனக்கு நினைவில் இருந்தது. பராமரிப்பு இல்லமொன்றில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்து முதியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்குப் பளுப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அம்மாவிடம், கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருக்கும் பயிற்சியைச் செய்யும்படி சொன்னேன். “இந்த வயசில எனக்கென்ன பயில்வான் வேலை, தம்பி?” என்று சிரித்தார். ஆயினும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று தொடங்கினார். மதியத்தில் ஒரு முட்டையும் கூடச் சேர்ந்தது. மூன்று மாதத்தின் பின்னர் கையைப் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. இப்போது கோயில் வாசற்படியைத் தானே ஏறுகிறார்.

பளு என்றவுடன் அது இளைஞர்களுக்கும் ஆண்களுக்கும் உரியது என்று ஒதுக்கிவிடும் எங்கள் சமூக வழக்கத்தால் அதிகம் இழப்பவர்கள் பெண்களே. மாதவிடாய் நின்ற பின்னர் எலும்பும் தசையும் விரைவாகத் தேய்கின்றன. வீட்டுவேலையே போதிய பயிற்சி என்று சொல்லி அவர்களை அடுக்களையிலேயே நிறுத்திவிடுகிறோம். உரலும் அம்மியும் போய், மின்சாரம் வந்துவிட்ட அடுக்களையில் இப்போது பெரும்பாலும் நிற்பதுதான் வேலை. மனைவிக்கும் தாய்க்கும் வாரத்தில் இரண்டு தடவை அரை மணித்தியாலத்தை ஒழித்துக் கொடுப்பது, அவர்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதைவிடப் பயனுள்ள காரியம்.

இறுதியாக, கேட்டவர்களுக்கு விடை. கொழுப்பைக் குறைப்பது சாப்பாட்டு மேசையில் தொடங்கவேண்டும். நடையோ ஓட்டமோ சைக்கிளோ அதற்குத் துணை நின்று, இருதயத்தையும் காக்கும். பளுப்பயிற்சி கொழுப்பை அதிகம் கரைக்காது. ஆனால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போய்விடாமல் பிடித்துவைக்கும். உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவு, அதனுடன் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. இருதய நோயோ, உயர் இரத்த அழுத்தமோ, மூட்டுத் தேய்வோ உள்ளவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குவது நல்லது. தராசை மட்டும் நம்பாமல் ஓர் அளவுநாடாவை வாங்கி, மாதத்துக்கு ஒரு தடவை இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். அதன் கீழே, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எத்தனை தடவை எழும்ப முடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண் குறையவும் இரண்டாவது எண் கூடவும் கண்டால், நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள்.